லொறி இயந்திரத்தின் நீர்ச் சுற்றில் அடைபட்ட காற்றை அகற்றும் முறை

விளைவை உண்டாக்குதல் ஒரு பாதி. அதனைக் கெடாமற் சந்தையிற் சேர்த்தல் மறு பாதி. நிலத்தைப் பண்படுத்தி, நாற்று நட்டு, பூச்சிக்கும் நோய்க்கும் தப்புவித்து, நீர்முறை தவறாது பாய்ச்சி எடுத்த கத்தரியும் தக்காளியும் போஞ்சியும், வழியில் லொறி கொதித்து நின்றமையால் வெயிலில் வாடிக் கெடுமாயின், அக்கமக்காரர் பட்ட பாடு அத்தனையும் வீணாகும். இலங்கையில் அறுவடையான பழங்களிலும் மரக்கறிகளிலும் 30 முதல் 40 வீதம் வரை உண்போரைச் சேருமுன்னரே அழிகின்றது எனப் பொதுவாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்விழப்பிற் பெரும் பங்கு ஏற்றும்போதும் கொண்டுசெல்லும்போதும் நேர்வதாகும். ஆகவே, லொறியின் இயந்திரத்தைப் பற்றி ஒரு விவசாயத் துண்டுப்பிரசுரம் பேசுவது பொருந்தாததன்று.

நாலந்தா, மாத்தளைக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்தில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில் உள்ளது. இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றால் தம்புள்ளையை அடையலாம். அங்கே 1999ஆம் ஆண்டில் விசேட பொருளாதார மத்திய நிலையம் தொடங்கப்பட்ட பின்னர், நாலந்தா, நாவுல, கலேவெல முதலிய இடங்களின் மரக்கறியும் பெரிய வெங்காயமும் பெரும்பாலும் அச்சந்தையிலேயே விலைப்படுகின்றன. மலைநாட்டின் கரட், லீக்ஸ், கோவா ஆகியனவும் மலைச்சாலைகளால் இறங்கி அங்கு வந்து சேர்கின்றன. பாரம் ஏற்றிய லொறி வடக்கே செல்லுங்கால் உலர் வலயத்தின் வெம்மையையும், தெற்கே கண்டிக்குச் செல்லுங்கால் மாத்தளைக்கு அப்பாலுள்ள பலகடுவ ஏற்றத்தையும் தாங்கியாக வேண்டும். இவ்விரண்டு வேளைகளிலும் இயந்திரத்தின் குளிர்ச்சி முறையில் உள்ள சிறு குறையும் பெருங்குறையாக வெளிப்படும்.

அத்தகைய குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவதும், எளிதில் நீக்கத்தக்கதும், ஆயினும் பலராலும் உணரப்படாததும் நீர்ச் சுற்றினுள் காற்று அடைபட்டிருத்தலேயாகும்.

இயந்திரம் குளிரும் விதம்

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பம் முழுவதும் சில்லைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகின்றது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சிய வெப்பத்தின் பெரும் பகுதியை இயந்திரத்தைச் சூழ்ந்து ஓடும் நீரே வாங்கிக்கொண்டு அகற்றல் வேண்டும்.

இந்நீரை ஒரு சிறிய பம்பி தள்ளுகின்றது. நீர் சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, சிலிண்டர்த் தலையினூடாக மேலேறி, மேற்குழாய் வழியாக ரேடியேற்றரை அடைகின்றது. அங்கே மெல்லிய குழாய்களினூடாக இறங்குகையில், விசிறி இழுக்கும் காற்றினாற் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியாக மீண்டும் பம்பிக்கு வருகின்றது. தேன்கூடு போன்ற அமைப்புடைய ரேடியேற்றரை ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் மைபாக் என்பார் அமைத்தார். அது 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டியிற் பொருத்தப்பட்டது. இன்றைய லொறிகளின் ரேடியேற்றரும் அதே கருத்தின் வழிவந்ததேயாகும்.

இச்சுற்றில் இரண்டு காவலாளிகள் உண்டு. ஒன்று தேமோஸ்டாற் எனப்படும் வால்வு. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இது மூடியிருந்து, நீர் ரேடியேற்றருக்குப் போகாமல் தடுக்கும். நீர் ஏறத்தாழ 82 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்ததும் இதனுள் உள்ள மெழுகு உருகிப் பருத்து வால்வைத் திறக்கும். இம்மெழுகு முறையை 1930களில் சேர்ஜியஸ் வேர்னே என்பார் கண்டறிந்தார்.

மற்றையது ரேடியேற்றரின் மூடி. இது வெறும் மூடியன்று. நீரை அமுக்கத்தில் வைத்திருக்கும் ஒரு வால்வாகும். திறந்த பானையில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். மேலே செல்லச் செல்ல இவ்வெல்லை குறையும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 13 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் மூடி இருப்பின், கடல் மட்டத்தில் அதே நீர் ஏறத்தாழ 119 பாகை வரையும் கொதியாது நிற்கும். மூடியின் றப்பர் வளையம் வெடித்திருப்பின் இப்பாதுகாப்பு முழுவதும் அற்றுப்போகும். எனவே மூடி சிறிதாயினும் அதன் வேலை பெரிது.

காற்றினால் விளையும் தீமை

கிணற்றிலிருந்து நீரிறைக்கும் பம்பியை இயக்கும் எவரும் ஓர் உண்மையை அறிவர். உறிஞ்சு குழாயின் அடிவால்வு ஒழுகிக் குழாயினுள் காற்றுப் புகுந்துவிட்டால், பம்பி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் ஒரு துளி நீரும் வாராது. நீரை ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பின்னரே அது இறைக்கத் தொடங்கும். லொறியின் நீர்ப்பம்பியும் அதே இனத்தது. அதனிடத்தே காற்றுச் சேருமாயின் அது சுழலும். ஆனால் நீரைத் தள்ளாது.

காற்று எப்பொழுதும் மேட்டை நாடும். நீர்ச் சுற்றில் மேடான இடம் பெரும்பாலும் சிலிண்டர்த் தலையேயாகும். அதுவே மிகுந்த வெப்பம் உண்டாகும் இடமுமாகும். அவ்விடத்தில் நீருக்குப் பதிலாகக் காற்றோ நீராவியோ நிற்குமாயின், உலோகத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அங்கு ஒன்றும் இல்லை. ஆகவே சிலிண்டர்த் தலை வளையும் அல்லது வெடிக்கும். அதன் கீழுள்ள கஸ்கற் எரியும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. வெப்பத்தைக் காட்டும் முள், நீரில் தோய்ந்திருக்கும் ஓர் உணர்வுக் கருவியைக் கொண்டே இயங்குகின்றது. அக்கருவி காற்றுப் பையினுள் அகப்பட்டுக்கொண்டால், இயந்திரம் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் குறைந்த வெப்பத்தையே காட்டும். முள்ளை நம்பிய சாரதி ஏற்றத்தில் தொடர்ந்து ஏறுவார். இயந்திரம் பழுதடைந்த பின்னரே உண்மை தெரியவரும். பலர் கூடிக் கடன்பட்டு வாங்கிய பழைய லொறி ஒன்றின் சிலிண்டர்த் தலை வெடித்தால், ஒரு போகத்தின் ஆதாயம் முழுவதும் திருத்துமிடத்துக்கே போய்விடும்.

காற்று எவ்வாறு உட்புகுகின்றது

பெரும்பாலும் நாமே அதனை உள்ளே விடுகின்றோம். றப்பர்க் குழாய், நீர்ப்பம்பி, தேமோஸ்டாற், ரேடியேற்றர் ஆகியவற்றில் எதையேனும் மாற்றும்போது நீர் வடிக்கப்படுகின்றது. பின்னர் வேகமாக ஊற்றி வாய்வரை நிரம்பியதும் மூடிவிடுகின்றனர். மேலே நீர் தெரிவதால் உள்ளும் நிறைந்துவிட்டதென எண்ணுவது தவறு. குறுகிய வாயுள்ள போத்தலைக் கவிழ்த்து நீரில் அமிழ்த்தினால் காற்று உள்ளேயே நிற்பதுபோல, மூடிய தேமோஸ்டாற்றின் கீழ்க் காற்று நின்றுவிடும்.

ஏனைய காரணங்கள் பின்வருமாறு:

சிறு ஒழுக்கினால் நீர் நாளடைவிற் குறைதல்.

மேலதிக நீர்த் தாங்கி வெறுமையாக இருத்தல், அல்லது அதற்குச் செல்லும் மெல்லிய குழாய் வெடித்திருத்தல். இயந்திரம் ஆறும்போது நீர் சுருங்கும். அப்பொழுது அத்தாங்கியிலிருந்து நீரை உறிஞ்ச வேண்டிய ரேடியேற்றர் காற்றையே உறிஞ்சும்.

கீழ்க்குழாயின் கிளிப்பு தளர்ந்திருத்தல். இது பம்பியின் உறிஞ்சு பக்கமாதலால், வெளியே நீர் சொட்டாமலே உள்ளே காற்றை இழுக்கக்கூடும்.

சிலிண்டர்த் தலையின் கஸ்கற் பழுதுற்று, எரிவாயு நீரினுள் புகுதல்.

அறிகுறிகள்

நீர் மாற்றிய சில நாட்களுள் இயந்திரம் காரணமின்றிக் கொதித்தல். வெப்ப முள் திடீரென ஏறித் திடீரென இறங்குதல். மேற்குழாய் சுட, கீழ்க்குழாய் குளிர்ந்திருத்தல். இயந்திரத்தினுள் வாய்க்கால் நீர் சலசலப்பது போன்ற ஒலி கேட்டல். சாரதி இருக்கைப் பக்கத்தில் வெப்பமூட்டி உள்ள லொறியாயின் அதிலிருந்து குளிர்காற்றே வருதல். ஊற்றிய நீர் வெளியே ஒழுகாமலே மறுநாள் குறைந்திருத்தல் ஆகியன காற்று அடைபட்டமைக்கு அடையாளங்களாகும்.

மிக எளிய சோதனை ஒன்றுண்டு. நீரை வடிக்கும்போது ஒரு பாத்திரத்திற் பிடித்து அளந்துகொள்க. மீண்டும் ஊற்றும்போதும் அளந்து ஊற்றுக. 12 லீற்றர் வடிந்த இயந்திரத்தினுள் 9 லீற்றரே கொள்ளுமாயின், எஞ்சிய 3 லீற்றர் இடத்தில் இருப்பது காற்றே என அறிக.

தொடங்குமுன் செய்யவேண்டியவை

சூடான இயந்திரத்தின் ரேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது. அமுக்கத்தில் 110 பாகைக்கு மேல் நிற்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாகப் பாய்ந்து முகத்தையும் கைகளையும் வேகச்செய்யும். கண் பார்வையும் இழக்க நேரிடும். சந்தை நேரம் தவறுகின்றதே என்ற அவசரத்திலேயே இவ்விபத்துகள் பெரும்பாலும் நிகழ்கின்றன. பதறாத காரியம் சிதறாது என்பதை இங்கு மறத்தல் ஆகாது. மேற்குழாயை வெறுங்கையாற் பற்றி அமர்த்தக்கூடிய அளவுக்கு இயந்திரம் ஆறிய பின்னரே மூடியைத் தொடுதல் வேண்டும். அப்பொழுதும் தடித்த ஈரத்துணியை மூடிமேல் இட்டு, முதற் பூட்டுவரை மட்டும் திருப்பி, அமுக்கம் முழுவதும் தணிந்தபின் திறக்குக.

சுழலும் விசிறியினருகே தளர்ந்த உடை, சால்வை, சாரத்தின் தொங்கல் ஆகியன இருத்தல் ஆகாது. சிறுவரை அண்மையில் நிற்க விடற்க. இயந்திரம் ஓடும்போது வேலை செய்ய வேண்டியிருப்பதால் வெளியிடமே ஏற்றது. மூடிய கொட்டிலினுள் புகை நச்சாகும்.

காற்றை அகற்றும் முறை

லொறிகளின் அமைப்பு ஒன்றுக்கொன்று வேறுபடும். தயாரிப்பாளரின் கைந்நூல் கிடைப்பின் அதன்படியே செய்க. கைந்நூல் இல்லாதவிடத்துப் பெரும்பாலான டீசல் லொறிகளுக்குப் பின்வரும் முறை பொருந்தும்.

1. லொறியைச் சிறு ஏற்றத்தில், முன்பக்கம் உயர்ந்திருக்குமாறு நிறுத்துக. ரேடியேற்றரின் வாய் நீர்ச் சுற்றின் மிக உயர்ந்த இடமாக அமைதல் வேண்டும் என்பதே நோக்கம். கைத்தடையை இழுத்து, பின் சில்லுகளுக்குக் கட்டையிடுக. ரேடியேற்றர் பின்புறமோ நடுவிலோ அமைந்த சிறு லொறிகளில் எப்பகுதி உயர வேண்டும் என்பதை முதலில் பார்த்துக்கொள்க.

2. குழாய்கள், கிளிப்புகள், மூடியின் றப்பர் வளையம், விசிறிப் பட்டி ஆகியவற்றை ஆராய்க. ஒழுக்கை அடைக்காமற் காற்றை அகற்றுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

3. தேமோஸ்டாற்றை மாற்றியிருப்பின், அதன் தட்டிலுள்ள சிறு துளையும் ஆடும் ஊசியும் மேற்புறமாக இருக்கின்றனவா என்பதை உறுதிசெய்க. காற்று வெளியேறும் வழி அதுவே. கீழ்நோக்கிப் பொருத்தினால் அத்துளையாற் பயனில்லை.

4. வெப்பமூட்டி இருப்பின் அதன் பிடியை முழுச்சூட்டுக்குத் திருப்புக. அப்பொழுதுதான் அதன் குழாய்களிலும் நீர் ஓடி, அங்குள்ள காற்றும் வெளிவரும்.

5. தேமோஸ்டாற் வீட்டின் மேலோ, மேற்குழாயிலோ, வெப்பமூட்டிக் குழாயிலோ காற்று வெளியேற்றும் திருகாணி உண்டா எனத் தேடுக. இருப்பின் அதனை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்துக. முழுவதுங் கழற்ற வேண்டியதில்லை.

6. நீரை மெதுவாக ஊற்றுக. ஒரு நிமிடத்துக்கு 2 லீற்றரளவு போதும். வேகமாக ஊற்றின் இறங்கும் நீரே ஏறும் காற்றின் வழியை அடைத்துவிடும். இடையிடையே நிறுத்தி, மேற்குழாயையும் கீழ்க்குழாயையும் கையாற் பலமுறை பிசைந்து விடுக. குமிழிகள் வருவதைக் காணலாம்.

7. தளர்த்திய திருகாணியினூடாக முதலிற் காற்றும், பின்னர் நுரையும், இறுதியிற் குமிழியற்ற நீரும் வரும். தொடர்ச்சியான நீர் வந்ததும் திருகாணியை இறுக்குக. அளவுக்கு மிஞ்சி இறுக்கற்க. பித்தளைப் புரி எளிதிற் கெடும். திருகாணிகள் பலவாயின், தாழ்ந்ததிலிருந்து தொடங்கி உயர்ந்ததில் முடிக்குக.

8. மூடியைத் திறந்தபடியே வைத்து இயந்திரத்தை இயக்கி, மெதுவாக ஓடவிடுக. நீர் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொள்க. டீசல் இயந்திரம் மெதுவாகவே சூடேறும். 15 முதல் 30 நிமிடம் வரை செல்லலாம்.

9. மேற்குழாய் திடீரெனச் சூடாவது தேமோஸ்டாற் திறந்ததன் அடையாளம். அவ்வேளையில் மட்டம் சட்டென இறங்கும். சிலவேளை நீர் பொங்கியும் எழும். ஆதலின் முகத்தை வாய்க்கு நேரே வைத்து எட்டிப்பார்த்தல் ஆகாது. கைக்கு உறையும் நீண்ட குழாயுள்ள புனலும் பயன்படுத்துக. இறங்கிய அளவுக்கு மீண்டும் ஊற்றுக.

10. இப்பொழுது இயந்திரத்தின் வேகத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்றுகள்வரை உயர்த்தி, ஓரிரு நிமிடம் வைத்துத் தணிக்குக. இவ்வாறு நான்கைந்து முறை செய்க. பம்பியின் வேகம் மூலைகளில் ஒட்டிய காற்றையும் இழுத்து வரும். குமிழிகள் முற்றாக நின்றபின், இயந்திரம் ஓடும்போதே நீரை நிரப்பி மூடியை இடுக.

11. மேலதிக நீர்த் தாங்கியை மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே நிரப்புக. விளிம்புவரை நிரப்பின், நீர் சூடாகி விரிய இடமிராது.

12. பாரமின்றிப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓட்டி வருக. இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாட் காலையில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்க்குக. சிறிது குறைந்திருத்தல் இயல்பு. எஞ்சிய காற்று வெளியேறியமையே காரணம். நிரப்புக. இரண்டாம் மூன்றாம் நாட்களிலும் இவ்வாறே சோதித்து, மட்டம் நிலைத்த பின்னரே முழுப் பாரம் ஏற்றுக.

சில புதிய லொறிகளில் ரேடியேற்றருக்கு மூடி இராது. உயரத்தில் அமைந்த அமுக்கத் தாங்கியிலேயே மூடி இருக்கும். அவற்றில் அத்தாங்கி வழியாகவே நிரப்பி, அதிலிருந்து செல்லும் மெல்லிய காற்றுக் குழாய் அடைபடாதிருக்கின்றதா என்பதைக் கவனித்தல் வேண்டும்.

குமிழிகள் நிற்காவிடின்

அரைமணி நேரத்துக்கு மேலும் குமிழிகள் இடைவிடாது வருமாயின், அது அடைபட்ட காற்றன்று. எங்கிருந்தோ புதிதாகப் புகும் காற்று அல்லது வாயுவாகும். வேகத்தை உயர்த்துந்தோறும் குமிழிகள் பெருகி, அவற்றில் புகை நாற்றமும் இருப்பின், சிலிண்டர்த் தலையின் கஸ்கற் பழுதுற்றது எனக் கொள்ளலாம். எண்ணெய் பார்க்கும் கோலில் பால் தேநீர் போன்ற நிறம் தென்படுதல், புகைக்குழாயில் வெண்புகை தொடர்ந்து வருதல், காலையிற் குளிர்ந்த இயந்திரத்தை இயக்கிய உடனேயே மேற்குழாய் கல்லுப்போல் விறைத்தல் ஆகியனவும் அதையே உறுதிப்படுத்தும். இந்நிலையில் லொறியை ஓட்டாது தேர்ந்த திருத்துநரிடம் காட்டுக. அப்பொழுது மாற்றும் கஸ்கற் சில்லறைச் செலவு. தொடர்ந்து ஓட்டி வெடிக்கச் செய்த சிலிண்டர்த் தலை பெருஞ்செலவு.

தேமோஸ்டாற்றைக் கழற்றி எறிதல் தகுமா?

நமது நாடு வெப்ப நாடாதலால் தேமோஸ்டாற் வேண்டியதில்லை எனச் சிலர் அதனைக் கழற்றிவிடுகின்றனர். இது தவறான வழக்கம். தகுந்த சூட்டை அடையாத டீசல் இயந்திரம் எரிபொருளை மிகுதியாக விழுங்கும். சிலிண்டர்களும் விரைவில் தேயும். மேலும் பல இயந்திரங்களில், தேமோஸ்டாற் திறக்கும்போது ரேடியேற்றரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழியை அதுவே மூடுகின்றது. அதனைக் கழற்றினால் அக்குறுக்குவழி எப்போதும் திறந்திருக்கும். சூடான நீர் ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பி வரும். குளிர்ச்சிக்காகக் கழற்றியதே கொதிப்புக்குக் காரணமாகிவிடும். பழுதுற்ற தேமோஸ்டாற்றை மாற்றுக, கழற்றி எறியற்க.

எந்த நீரை ஊற்றுவது

உலர் வலயத்தின் கிணற்று நீர் பல இடங்களில் வன்னீராகும். சவர்க்காரம் நுரைக்காமையும், கேத்தலின் அடியில் வெண்மையான படை ஒட்டுவதும் அதன் அடையாளம். கேத்தலில் ஒட்டும் அதே படை சிலிண்டரைச் சுற்றியும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களினுள்ளும் ஒட்டும். அப்படை வெப்பத்தைக் கடத்தாது. வயல் வாய்க்கால் நீரிலோ சேறும் பாசியும் உண்டு. ஆகவே பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரே சிறந்தது. அது கிடையாதவிடத்துச் சுத்தமான கூரையிற் பிடித்து வடிகட்டிய மழைநீர் ஏற்றது.

நீருடன் கூலன்ட் என வழங்கும் திரவத்தைச் சேர்த்தல் வேண்டும். குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்க இதனைச் சேர்ப்பர். நமக்கு உறைபனிக் கவலை இல்லையெனினும், கறள் பிடியாமற் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் இதன் பயன்களாம். கூலன்ட்டையும் நீரையும் தயாரிப்பாளர் குறித்த அளவிற் கலக்குக. பெரும்பாலும் பாதிக்குப் பாதி. முன்னரே கலந்து விற்கப்படுவதற்கு நீர் சேர்க்க வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் நம்பி இரு வகைகளை ஒன்றாகக் கலத்தல் ஆகாது. நிறம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இடுவதேயாகும்.

வடித்த திரவம் நஞ்சு

இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது. ஆனால் கொடிய நஞ்சு. நாய், ஆடு, மாடு ஆகியன இதன் இனிப்புக்காக நக்கிக் குடித்துச் சிறுநீரகம் கெட்டு இறக்கும். சிறுவருக்கும் அதே ஆபத்து உண்டு. ஆகவே இதனைத் திறந்த பாத்திரத்திலும், குளிர்பானப் போத்தலிலும் வைத்தல் கூடாது. மூடியுள்ள கலனில் ஊற்றி, மேலே எழுதி, எட்டாத இடத்தில் வைத்து, பழைய திரவங்களை ஏற்கும் திருத்துமிடத்தில் ஒப்படைக்குக. நிலத்திற் சிந்தியதை மணலிட்டு வாரி அகற்றுக. வாய்க்காலிலோ ஓடையிலோ கொட்டுதல் பெருந்தவறு. நாலந்தாவை அடுத்த போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் நீர் வடக்கே திருப்பப்பட்டுக் கலாவெவ வரையும் எத்தனையோ வயல்களுக்குப் பாய்கின்றது. நமது வேலியோரத்து ஓடையிற் கொட்டுவது பிறரது மடைவாயிலிற் போய்ச் சேரும்.

வழியிற் கொதித்து நின்றால்

முள் ஏறத் தொடங்கியதும் பாரத்தைக் குறைத்து, ஓரமான நிழலில் நிறுத்துக. நீர் வெளியேறாதவிடத்து இயந்திரத்தை ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பது நன்று. ஆவி பீறிட்டாலோ, விசிறிப் பட்டி அறுந்திருந்தாலோ உடனே அணைத்துவிடுக. இயந்திரத்தின் மேல் குளிர்நீரை ஊற்றற்க. காய்ந்த இரும்பில் குளிர்நீர் பட்டதும் அது வெடிக்கும். முற்றாக ஆறவிட்ட பின்னர் மேற்கூறிய முறைப்படி நிரப்புக. பயணத்துக்காக வெறும் நீரை ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் அதனை வடித்து உரிய திரவத்தை நிரப்புக.

காத்திருக்கும் வேளையில் பாரத்தையும் மறத்தல் ஆகாது. படங்கின் இருபுறத்தையும் உயர்த்திக் காற்றோட்டம் விடுக. கீரை, போஞ்சி, பயற்றங்காய் ஆகியவற்றின் மேல் நனைத்த சாக்கைப் போடலாம். பெரிய வெங்காயத்துக்கு நீர் படலாகாது. நனைந்த வெங்காயம் மூட்டையிலேயே அழுகத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமெனக் காணின், தக்காளியையும் இலை மரக்கறியையும் முதலில் வேறு வாகனத்துக்கு மாற்றி அனுப்புதல் நன்று. வெங்காயமும் பூசணியும் பொறுத்திருக்கும், கீரை பொறுத்திராது.

உழவு இயந்திரம் உடையோருக்கு

நான்கு சில்லு உழவு இயந்திரங்களிலும் ரேடியேற்றரும் தேமோஸ்டாற்றும் உண்டு. வயல் உழும்போது வைக்கோலும் பதரும் ரேடியேற்றரின் முகத்தை அடைத்துவிடுவதால், அதனை முதலிற் துப்புரவாக்கிய பின்னரே காற்றைப் பற்றி ஆராய்தல் வேண்டும். காற்றை அகற்றும் முறை லொறிக்குக் கூறியதே. இரண்டு சில்லு உழவு இயந்திரங்களுள் திறந்த நீர்த்தொட்டி உடையவற்றில் நீர் கொதித்து ஆவியாவதே குளிர்ச்சி முறை. அவற்றிற் காற்று அடைபடாது; நீர் வற்றாமற் பார்த்துக்கொள்வதே போதும்.

முடிவாக

காலையில் இயந்திரத்தை இயக்குமுன் மேலதிக தாங்கியின் மட்டத்தைப் பார்த்தல், வாரம் ஒருமுறை குழாய்களையும் கிளிப்புகளையும் தொட்டுச் சோதித்தல், ஆண்டுக்கொருமுறை மூடியைச் சோதித்தல், குறித்த காலத்திற் கூலன்ட்டை மாற்றுதல் ஆகிய நான்கையும் வழக்கமாகக் கொண்டால் இக்குறை பெரும்பாலும் நேராது. பெரிய வெங்காய அறுவடைக்கு முன்னரும், பெரும்போக நெல் ஏற்றுமுன்னரும் ஒரு பகற்பொழுதை ஒதுக்கி இவ்வேலையைச் செய்துகொள்க. வாடகை லொறியில் பொருள் அனுப்புவோரும், பாரம் ஏற்றுமுன் மூடியையும் நீர் மட்டத்தையும் பற்றிச் சாரதியிடம் கேட்டறிதல் நன்று. அதற்குச் செலவு ஏதுமில்லை. வீதியோரத்தில் நின்று வாடும் மரக்கறிக்கோ விலையுமில்லை.